சங்கிலியை இழுக்கத் தக்க காரணம்

இராமநாதபுரம்,
11-4-1955, திங்கள்.

சௌபாக்கியவதி முருகேஸ்வரிக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். மற்றபடி நேற்று நீ செய்த காரியத்துக்கு இந்த விசாரிப்பே அதிகம்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் மட்டும் ஓர் இடத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை. ஈஸ்டர் லீவு வருகிறது, ஒரே நாளில் ராமேஸ்வரம் முழுவதையும் உனக்குக் காட்டிவிட வேண்டும் என்று பதினைந்து நாளாக ரயில் நேர அட்டவணையோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஏழு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, கார்பன் காகிதம் வைத்து இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று என் சட்டைப் பையில், ஒன்று உன் கைப்பையில். கடைசியில் தெளிவாக ஒரு விதியும் எழுதியிருந்தேன்: "கூட்டத்தில் பிரிய நேர்ந்தால், பட்டியலில் அடுத்து உள்ள இடத்துக்குச் சென்று மற்றவருக்காகக் காத்திருப்பது." இதைவிட விளக்கமாக ஒரு மனுஷன் எழுத முடியுமா?

பாம்பன் பாலம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தனுஷ்கோடியில் சிலோன் கப்பலைப் பார்க்க ஏழு நிமிஷம் கொடுத்திருந்தேன். நீ இருபது நிமிஷம் நின்றாய். அதனால் சேது ஸ்நானம் தாமதம். அதனால் ரயிலுக்கு ஓட்டம். ஈஸ்டர் பூசை முடிந்த கூட்டம் வேறு பிளாட்பாரம் நிறைய நின்றது. இடம் பிடிக்க நான் முன்னால் ஓடினேன். பின்னாலேயே வருவாய் என்று நினைத்தது என் குற்றமா? வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீ பையை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாய்.

நான் விதிப்படி நடந்தேன். பாம்பனில் வண்டி மாறி ராமேஸ்வரம் போய், கிழக்குக் கோபுர வாசலில் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நின்றேன். தீர்த்தம் இறைத்து ஊற்றுகிறவர் மூன்று தடவை வந்து, அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டுவிட்டார். நாலு தலைமுறைக்கும் போதுமான அவமானம். பிறகு பாம்பன் வந்து விசாரித்தால், புடவையில் ஆம்பிளைத் துண்டு தொங்க ஓர் அம்மாள் தங்கச்சிமடம் வண்டியில் ஏறினாள் என்று போர்ட்டர் சிரித்துக்கொண்டே சொல்கிறான். உன் சிநேகிதி பிரகாசியம்மாள் வீட்டுக்குத்தான் போயிருப்பாய் என்று புரிந்துகொண்டேன். மறுநாள் ஆபீஸ் இருந்தபடியால் கடைசி வண்டியில் ஊர் வந்துவிட்டேன்.

அம்மாவிடம், பிரகாசியம்மாளுக்கு உடம்புக்கு முடியவில்லை, துணைக்கு இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை சித்திரை முதல் தேதி. புதன்கிழமைக்குள் வந்து சேரவும். வரும்போது என் துண்டை மறக்க வேண்டாம். ஆபீசுக்குப் போட்டுப் போகிற ஜோடியில் ஒன்று அது.

இப்படிக்கு,
நாகநாதன்.


தங்கச்சிமடம்,
13-4-1955, புதன்.

அத்தான் அவர்களுக்கு,

நான் நலம். துண்டும் நலம்.

புதன்கிழமைக்குள் வரச் சொன்ன கடிதம் புதன்கிழமை மத்தியானம்தான் கைக்கு வந்தது. அட்டவணை போடுகிறவர் தபாலுக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிரகாசியும் படித்தாள். கடிதம் முழுக்கத் துண்டைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. அந்தத் துண்டு என் புடவையில் எப்படி வந்தது என்று எழுதவில்லை. நீங்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

சேதுக்கரையில் புரோகிதர் உங்கள் மேல்துண்டின் நுனியையும் என் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். தம்பதியாக இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிள்ளை வரம் கேட்டுச் சங்கல்பம் செய்தோம். ஈரம் உடம்பிலேயே காயட்டும், கோயிலில் சுவாமியைப் பார்த்த பிறகு முடிச்சைப் புருஷன்தான் தன் கையால் அவிழ்க்க வேண்டும், அதுவரைக்கும் இரண்டு பேரும் ஒட்டினாற்போலப் போங்கள் என்றார். நீங்கள் அவரிடமும் கொஞ்சம் சீக்கிரமாக மந்திரம் சொல்லக் கூடாதா என்று கேட்டீர்கள். நான் வெட்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ரயில் ஊதியது. நீங்கள் தோளைக் குலுக்கித் துண்டை நழுவவிட்டு ஓடினீர்கள். முடிச்சை அவிழ்க்கக்கூட இல்லை. அவிழ்த்திருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும் அல்லவா. ஈரப்புடவை, கையில் பை, முந்தானையில் தொங்கும் துண்டு காலைத் தட்டுகிறது. இதோடு நான் எப்படி ஓடுவேன்? பூசைக்குப் புதுப்புடவை கட்டி வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து, "ஏம்மா, ஒம் புருசன் எங்கன?" என்று கேட்டாள். "துண்டு இங்கன இருக்கு, ஆளு ரயில்ல போயிட்டாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காபி கொடுத்து, அடுத்த வண்டிக்கு ஏற்றிவிட்டாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தீர்கள். நானும் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சீட்டின் மேல் ஏறி நின்றீர்கள். கை அபாயச் சங்கிலிப் பக்கம் போனது. வண்டி நிற்கப்போகிறது என்று நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அது நிற்கவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் பையைக் கீழே வைத்தேன்.

விதிப்படி நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நானும் விதிப்படிதான் நடந்தேன். சேது ஸ்நானம் மூன்றாவது. நான்காவதாக எழுதியிருப்பது என்ன? என் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். "4. தங்கச்சிமடம், பிரகாசியம்மாள் வீட்டில் ஈஸ்டர் சாப்பாடு, ஒரு மணி நேரம்." ராமேஸ்வரம் கோயில் ஐந்தாவது. நான் நான்காவது இடத்துக்கு வந்து, வாசலைப் பார்த்தபடி சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிரகாசி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்போதைக்கு வருவதாக இல்லை. அத்தைக்கு என் நமஸ்காரம். சித்திரை முதல் தேதிக்கு வேப்பம்பூ பின்கட்டு மரத்திலேயே பூத்திருக்கிறது, பச்சடிக்குப் பறித்துக் கொடுங்கள்.

முருகேஸ்வரி.


இராமநாதபுரம்,
15-4-1955, வெள்ளி.

முருகேஸ்வரிக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்த பிரதியும் கிடைத்தன. புதுவருஷத்தன்று நீ இல்லாமல் அம்மா ஒற்றை ஆளாகச் சமைத்தாள். பச்சடியில் வெல்லம் போட மறந்துவிட்டாள். பிரகாசியம்மாளுக்கு என்ன வியாதி என்று நாலு தடவை கேட்டாள். முதலில் ஜுரம் என்றேன், பிறகு வயிற்றுவலி என்றேன். இரண்டும் சேர்ந்தால் டைபாய்டாக இருக்கும் என்று அவள் பயந்துபோய் உன்னை உடனே அழைத்துவரச் சொல்கிறாள். இது எல்லாம் எனக்குத் தேவையா?

பட்டியல் விஷயம். என் பிரதியில் நான்காவது இனம் அடிக்கப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை நான்தான் அடித்தேன். உன் பிரதியில் அடிக்காமல் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். நேரம் போதாது என்பதால் அடித்தேன். ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட்டால் கந்தமாதன பர்வதம் ஏற முடியாது. அங்கே ராமர் பாதம் இருக்கிறது. உனக்குக் காட்டத்தானே இவ்வளவும்?

சங்கிலி விஷயம். நீ நினைப்பது போல நான் சும்மா நிற்கவில்லை. கை சங்கிலி வரைக்கும் போனது உண்மை. அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். ஆபத்துக் காலத்தில் மட்டும் இழுக்க வேண்டும், தக்க காரணமின்றி இழுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று மூன்று பாஷையில் போட்டிருக்கிறான். நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். நாளைக்கு என்னைக் கூப்பிட்டு என்ன ஆபத்து என்று கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது? நீ கடலில் விழவில்லை. ரயிலில் அகப்படவில்லை. பிளாட்பாரத்தில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தாய். அதை ஆபத்து என்று எந்த அதிகாரியும் ஏற்கமாட்டான். இதை நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது.

நிதானமாக யோசித்துப் பார்த்தால் என் பக்கமும் நியாயம் இருப்பது உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்கிறேன்.

நாகநாதன்.


தங்கச்சிமடம்,
18-4-1955, திங்கள்.

அத்தான் அவர்களுக்கு,

நிதானமாக யோசித்தேன். நிதானமாக யோசித்ததில் கோபம் கூடத்தான் செய்தது.

ஒரு மணி நேரம் இல்லாமல்தான் பிரகாசி வீட்டை அடித்தீர்களா? கோபுரத்தடியில் நாலு மணி நேரம் நின்றதாக நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். மூன்று தடவை தீர்த்தக்காரருக்குப் பதில் சொல்ல நேரம் இருந்தது. தங்கச்சிமடம் அங்கிருந்து எத்தனை தூரம்? நான் அங்கேதான் இருப்பேன் என்று உங்கள் மனசுக்குத் தெரியாதா? தெரியும். பாம்பனில் போர்ட்டர் சொன்ன பிறகும் இந்தப் பக்கம் வரும் வண்டியில் ஏறாமல் அந்தப் பக்கம் போகிற வண்டியில் ஏறினீர்கள். அது ஆபீசுக்காக இல்லை. இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் எழுத மாட்டேன், அவர் எனக்கு அத்தை. விரதம் இருந்து வரம் கேட்கப் போகிற நாளில் மீன்கார வீட்டில், அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீட்டில், கை நனைக்கலாமா என்று கேட்டிருப்பார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. அதை என்னிடம் சொல்லாமல் பென்சிலை எடுத்து அடித்துவிட்டு, என்னைப் புதுப்புடவை கட்டச் சொன்னீர்களே, அதுதான் தாங்கவில்லை.

அன்று இந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் நாற்பது நாளும் இவர்கள் மீன், கறி என்று கவுச்சி எதையும் தொடவில்லை. ஈஸ்டர் அன்றைக்குத்தான் இந்தத் தெரு முழுக்க மணக்கும். பிரகாசியின் புருஷன் சவரிமுத்து அண்ணன் கடலிலிருந்து வந்து அந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான் காத்திருப்பார். பிரகாசி என்ன செய்தாள் தெரியுமா? சனிக்கிழமையே அடுப்படியைக் கழுவி மெழுகி, புதுப்பானை வாங்கி வைத்து, ஈஸ்டர் அன்று சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் பாயசமும் வைத்தாள். உங்களுக்காக. கோயிலுக்குப் போகிறவர், அவர் மனசு கோணக் கூடாது என்று. சவரிமுத்து அண்ணனும் அந்தச் சாம்பாருக்கே காத்திருந்தார். உங்களுக்கென்று போட்ட இலை சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்து சுருண்டது. அதை எடுத்துப் போடும்போது பிரகாசி என் முகத்தைப் பார்க்காமலே எடுத்தாள். ட்ரெயினிங் ஸ்கூலில் இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் என்னிடம் அப்படி நடந்துகொள்ள நீங்கள்தான் காரணம்.

சங்கிலி விஷயமாக நீங்கள் எழுதியதைத்தான் அதிகம் தடவை படித்தேன். உங்கள் மேல் வழக்குப் போட்டால் என்ன பதில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு சந்தேகம். தக்க காரணம் எது என்று விவரமாக ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கடலில் விழ வேண்டுமா, சக்கரத்தில் விழ வேண்டுமா? ஆறு வருஷமாக நான் எதிலும் விழாமல் பத்திரமாக நிற்கிறேன். அதனால்தானோ என்னவோ, எந்த வண்டியும் எனக்காக நிற்பதில்லை.

இங்கே பிரகாசி வேலை பார்க்கும் கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஜூன் முதல் ஒரு டீச்சர் தேவை. நானும் ட்ரெயினிங் முடித்தவள் என்று அவள் மதரிடம் சொல்லியிருக்கிறாள். இங்கேயே தங்கி வேலை பார்க்கச் சம்மதமா என்று மதர் கேட்டார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நீங்களும் அதைப் போலத்தானே பாதி வழியில் கையை நிறுத்தினீர்கள்.

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. புடவையும் துண்டும் காய்ந்து உப்புப் படிந்து அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். அதை அவிழ்க்க வேண்டியவர் நீங்கள். வருவதானால் வந்து, பிரகாசி கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பிறகு அவிழ்ப்பதா வேண்டாமா என்று பேசலாம். ஆபீசுக்குத் துண்டு வேண்டும் என்பதற்காக வருவதானால் தபாலில் அனுப்பிவிடுகிறேன், சிரமப்பட வேண்டாம்.

முருகேஸ்வரி.


இராமநாதபுரம்,
20-4-1955, புதன்.

முருகேஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் 'மேற்படி' என்ற வார்த்தை வந்துவிட்டது.

நீ ஊகித்தது சரி. அம்மா சனிக்கிழமை சொன்னாள். அன்றைக்கு மட்டும் வெளியே யார் வீட்டிலும் கை நனைக்க வேண்டாம், விரதத்துக்குக் குறை வந்துவிடும் என்றாள். அவளிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. உன்னிடம் சொல்லவும் தைரியம் இல்லை. பட்டியலிடம் மட்டும் தைரியமாக இருந்தேன். தனுஷ்கோடியிலிருந்து நேராக ராமேஸ்வரம் கூட்டிப் போய், நேரமாகிவிட்டது என்று வழியிலேயே சமாளித்துவிடலாம் என்பது என் யோசனை. கோபுர வாசலில் நின்ற நாலு மணி நேரமும் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவது என்றுதான் தெரியவில்லை. புதுப்பானை விஷயம் அப்போது தெரிந்திருந்தால் இன்னும் தள்ளியே நின்றிருப்பேன், அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டைபாய்டு இல்லை என்பதில் ஆரம்பித்துச் சங்கிலி வரைக்கும். அவள் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏலே, கை நனைக்க வேணாம்னுதான சொன்னேன். பொண்டாட்டிய விட்டுட்டு வான்னா சொன்னேன்?" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

தக்க காரணம் எது என்று எழுதச் சொன்னாய். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ஆபீசில் எத்தனையோ பேர் மனுவில் காரணம் போதவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கும் என் கையைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை 24ஆம் தேதி பகல் வண்டியில் வருகிறேன். பிரகாசியம்மாள் மறுபடி தனியாக எதுவும் சமைக்க வேண்டாம் என்று சொல். வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுகிறேன். வெயிலில் நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வந்தால் சந்தோஷப்படுவேன்.

நாகநாதன்.


ராமேஸ்வரம் ரயில்வே ஸ்டேஷன்,
24-4-1955, ஞாயிறு, பகல் ஒரு மணி.

முருகேஸ்வரிக்கு,

பயப்படாதே. நான் ராமேஸ்வரம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அடிபடவில்லை. இதைக் கொண்டுவருகிறவர் போர்ட்டர் அகமது கபீர். சொந்த ஊர் தங்கச்சிமடம்தானாம், வேலை முடிந்து சைக்கிளில் வருகிறார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து வந்த யாத்திரிகர்கள் மூட்டை முடிச்சோடு பெட்டியை அடைத்திருந்தார்கள். தங்கச்சிமடம் வரும்போதே எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்ய, கதவுக்கும் எனக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பெரிய பித்தளை அண்டா வேறு. வண்டி ஒரு நிமிஷம்தான் நின்றது. ஜன்னல் வழியாக உன்னையும் பிரகாசியம்மாளையும் பார்த்தேன். மடித்த புடவை உன் கையில் இருந்தது. நீ ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டேன், இரைச்சலில் கேட்கவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

அதே பெட்டியில் எங்கள் ஹெட்கிளார்க் ராமசுப்பிரமணியன் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். "பரவாயில்லப்பா, ராமேஸ்வரம் போயி அடுத்த வண்டியில திரும்பிக்கலாம்" என்றார். நியாயமான யோசனை. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது நீ தேடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாய். பிரகாசியம்மாளிடம் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை, ஆனால் தெரியும்.

சீட்டில் ஏறிச் சங்கிலியை இழுத்துவிட்டேன். இந்தத் தடவை கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அண்டா உருண்டது. ஹெட்கிளார்க் சம்சாரத்தின் மேல் அவர்களுடைய கூஜாத் தண்ணீர் கொட்டிவிட்டது. கார்டு வந்து யார் இழுத்தது என்றார். நான் என்றேன். என்ன ஆபத்து என்றார். "எம் பொண்டாட்டி அங்கன நிக்கிறா" என்றேன். பெட்டி முழுக்கச் சிரித்தது. ஹெட்கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இறங்கி உன்னிடம் வரப் பார்த்தேன், கார்டு விடவில்லை. கையைப் பிடித்துத் தன் பெட்டிக்குக் கூட்டிப்போய் இங்கே கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்.

காரணத்தை எழுத்து மூலம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். கேட்டுக் கார்பன் வாங்கி உனக்கு ஒரு பிரதி எடுத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. இந்தத் தடவை இரண்டு பிரதியும் ஒன்றுதான். எதையும் அடிக்கவில்லை.

பிரகாசியம்மாளிடம் இன்றும் சாப்பாட்டுக்கு வராமல் போனதற்கு மன்னிப்புக் கேள். எனக்கு நல்ல பசி.

நாகநாதன்.

(இணைப்பு)

ஸ்டேஷன் மாஸ்டர் அவர்கள், ராமேஸ்வரம்.

ஐயா,

இன்று பகல் தங்கச்சிமடம் ஸ்டேஷனை விட்டு வண்டி புறப்பட்டதும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அபாயச் சங்கிலியை இழுத்தவன் நானே. என் மனைவி முருகேஸ்வரி பிளாட்பாரத்தில் நின்றாள். நான் வண்டியில் இருந்தேன். அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, பத்திரமாகத்தான் நின்றாள். சென்ற 10ஆம் தேதி தனுஷ்கோடி ஸ்டேஷனிலும் இதேபோல நின்றாள். அன்றைக்கே இழுத்திருக்க வேண்டும், இழுக்கவில்லை. அதற்கும் சேர்த்து இன்று இழுத்தேன். இது தக்க காரணம் அல்ல என்று தாங்கள் கருதினால் விதிக்கும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். என் கருத்தில் இது தக்க காரணம்.

தங்கள் உண்மையுள்ள,
ச. நாகநாதன், குமாஸ்தா, தாலுகா ஆபீஸ், இராமநாதபுரம்.


தங்கச்சிமடம்,
அதே நாள், இரண்டே கால் மணி.

அத்தான்,

பதிலை எடுத்துக்கொண்டு மறுபடி ராமேஸ்வரம் வருவதாகச் சொல்லி அகமது கபீர் அண்ணன் வாசலில் காத்திருக்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

நான் பிரகாசியிடம் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. "இன்னைக்கும் வரல, ஸ்கூலுக்குச் சரின்னு மதர்ட்ட சொல்லிடு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வண்டி கிறீச்சென்று நின்றது. பிரகாசி என் கையை நறுக்கென்று கிள்ளினாள், இன்னும் சிவந்திருக்கிறது. நான் அழுதேன். பிளாட்பாரத்திலேயே, அத்தனை பேருக்கு முன்னால். கார்டு உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அழுகையும் சிரிப்புமாக இருந்ததில் உங்களைக் கூப்பிட மறந்துவிட்டேன்.

உங்கள் காகிதத்தைப் பிரகாசி சத்தமாகப் படித்தாள். சவரிமுத்து அண்ணன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

நாலு மணி வண்டியில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். பிரகாசி நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை, இன்றைக்கும் புதுப்பானையில்தான் வைத்திருக்கிறாள். புளிச்சோறும் வாழைக்காயும் தூக்குவாளியில் வருகின்றன. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பரிமாறச் சாப்பிட வேண்டும், அதுதான் நான்காவது. கோயில் ஐந்தாவது. சுவாமியைப் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்க்கலாம். உப்பில் இறுகிக் கிடக்கிறது, சுலபத்தில் வராது. எத்தனை நேரம் ஆனாலும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. கந்தமாதன பர்வதத்தை ராமர் எங்கும் எடுத்துப் போய்விட மாட்டார், இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஸ்கூல் விஷயத்தை அவிழ்த்த பிறகு பேசிக்கொள்வோம். எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் ரயிலில் வந்துபோக முடியுமா என்று உங்கள் அட்டவணையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதற்கு மட்டும் பட்டியல் போடலாம்.

நாங்கள் வரும்வரை அந்தப் பெஞ்சை விட்டு நகர வேண்டாம். வண்டி வந்ததும் இடம் பிடிக்க ஓடாதீர்கள், நான் இறங்கிவிட்டேனா என்று முதலில் பாருங்கள்.

முருகேஸ்வரி.